பிள்ளையைக் கொடுத்தீர்கள்... துணையையும் கொடுங்கள்!

முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ப்பு வீட்டுக்கு வந்த எட்டு வயதுப் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கும். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கும். அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் "எவ்வளவு அடக்கமான புள்ள" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ, டிவியை அணைக்கச் சொன்ன ஒரு சின்ன விஷயத்துக்குத் தட்டு பறக்கும். பிள்ளை கதவில் தலையை முட்டிக்கொள்ளும். "நீ ஒண்ணும் எங்கம்மா இல்ல" என்று கத்தும். இரவில் படுக்கை நனையும். காலையில் பாயைச் சுருட்டினால், அடியில் நாலு நாள் பழைய சப்பாத்தி கிடக்கும்.

அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் முதலில் வருகிறது. 'என் வளர்ப்பில் ஏதோ குறை' என்று எண்ணிக்கொள்கிறார். வெளியே சொல்லத் தயங்குகிறார். சொன்னாலும், சுற்றியிருப்பவர்களிடம் மூன்று யோசனைகள்தான் இருக்கின்றன. "ரெண்டு போடு, சரியாயிடும்" என்பது முதலாவது. "கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டு" என்பது இரண்டாவது. மூன்றாவதைத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள்: "யார் பெத்ததோ... பேசாம கொண்டுபோய் விட்டுடு."

இந்த மூன்றாவது யோசனை காதில் விழுவதற்கு முன்பே, விஷயம் தெரிந்த ஒருவர் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பிள்ளையைக் குடும்பத்தில் சேர்ப்பதற்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது, படிவம் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது. சேர்த்த பிறகு அந்தக் குடும்பத்தோடு கூடவே நடந்து வருவதற்குத்தான் ஆள் போதவில்லை.

ஆறு வயதுக்கு மேல்தான் வருகிறார்கள்

வளர்ப்புப் பராமரிப்பையும் தத்தெடுப்பையும் பலர் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறார்கள். தத்தெடுத்த பிள்ளை சட்டப்படி அந்த வீட்டு வாரிசு. வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையோ, குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின் பேரில் ஒரு குடும்பத்தில் தங்கி வளர்கிறது. பெற்ற தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கலாம். சிறையோ, குடியோ, தீராத நோயோ அவர்களைப் பிள்ளையிடமிருந்து பிரித்திருக்கலாம். நிலைமை சீரானால் பிள்ளை பெற்றவர்களிடமே திரும்பிப் போகலாம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44-ஆம் பிரிவில் இதற்கு வழி செய்திருக்கிறது.

2018-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு அறிக்கை, நாடு முழுவதும் 9,589 குழந்தைகள் இல்லங்களையும் அவற்றில் சுமார் 3.7 லட்சம் பிள்ளைகளையும் பதிவு செய்தது. அவர்களில் எத்தனை பேரை முடியுமோ அத்தனை பேரை ஒரு குடும்பத்தில் சேர்க்க வேண்டும் என்பதே கொள்கை. 2024-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தன. திருமணமாகாதவர், கணவரையோ மனைவியையோ இழந்தவர், மணமுறிவு பெற்றவர் என யாராக இருந்தாலும், 35 முதல் 60 வயதுக்குள் இருந்தால் தனியாகவே ஒரு பிள்ளையை வளர்க்க விண்ணப்பிக்கலாம். தனியாக வாழும் ஆண், ஆண் குழந்தையை மட்டும் வளர்க்கலாம். வளர்த்தவரே தத்தெடுத்துக்கொள்ள முன்பு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு ஆண்டுகள் போதும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது.

நெறிமுறைகளில் இன்னொன்றும் இருக்கிறது. வளர்ப்புக் குடும்பத்துக்கு வருபவர்கள் ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகள். தத்தெடுக்க வரிசையில் நிற்கும் தம்பதிகள் பெரும்பாலும் கைக்குழந்தையைக் கேட்பதால் இல்லத்திலேயே தங்கிவிட்ட பிள்ளைகளும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் இவர்களில் உண்டு. ஆறு வயதென்றால் ஆறு வருட நினைவுகள். அம்மாவின் சேலை வாசனையும், அப்பா குடித்துவிட்டு வந்த இரவுகளும், போலீஸ் ஜீப்பும், இல்லத்தின் நீண்ட கூடமும் அதில் அடக்கம். இவற்றையெல்லாம் பை நிறையச் சுமந்துகொண்டுதான் பிள்ளை புது வீட்டுப் படியேறுகிறது. இப்படி வரும் பிள்ளைக்கு மனநல உதவி தேவைப்படுமா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. தேவைப்படும் என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

புக்கரெஸ்டில் நடந்தது

குடும்பம் ஒரு பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதை உலகம் துல்லியமாகத் தெரிந்துகொண்டது ருமேனியாவின் துயரத்திலிருந்து. அந்நாட்டுச் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி மக்கள்தொகையைப் பெருக்குவதற்காக 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க முடியாத குழந்தைகளை ஏழைப் பெற்றோர் அரசு இல்லங்களில் விட்டார்கள். 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது, அந்த இல்லங்களில் சுமார் 1,70,000 குழந்தைகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. சோறு போட ஆளுண்டு, அழுதால் தூக்க ஆளில்லை என்பதே அங்கே இருந்த நிலைமை.

சார்லஸ் நெல்சன், நாதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தலைநகர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகள். மூத்த குழந்தைக்கே இரண்டரை வயதுதான். குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களின் பராமரிப்பு வழக்கம்போல் தொடர்ந்தது. புக்கரெஸ்டில் அப்போது வளர்ப்புக் குடும்பம் என்பதே அரிது; ஆய்வாளர்கள்தான் 56 குடும்பங்களைத் தேடிப் பிடித்தார்கள்.

குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன் கூடியது. ஒருவரிடம் ஒட்டிக்கொண்டு ஆறுதல் தேடும் பழக்கம் வந்தது. மூளையின் மின்னோட்டப் பதிவுகளில்கூட மாற்றம் தெரிந்தது. இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் அதிகம் தேறினார்கள். பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால், நாலரை வயதில் சோதித்துப் பார்த்தபோது, ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்பும் கவனச்சிதறலும் அவ்வளவாகக் குறைந்திருக்கவில்லை. அன்பு ஆற்றிய காயங்களும் உண்டு, அதற்கு மேலும் சிகிச்சை கேட்ட காயங்களும் உண்டு. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது வேறொன்றும் தெரிந்தது. முதலில் சேர்ந்த வளர்ப்பு வீட்டிலேயே நிலைத்திருந்தவர்கள், வீடு மாறியவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடும் விவரம் ஒன்று உண்டு. அந்த 56 குடும்பங்களையும் ஆய்வாளர்கள் தனியே விடவில்லை. சமூகப் பணியாளர்கள் அடிக்கடி வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பணியாளர்களுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க, குழந்தை மனநல நிபுணர்கள் வாரந்தோறும் கிடைத்தார்கள். புக்கரெஸ்டில் வென்றது குடும்பமும் துணையும் சேர்ந்த ஏற்பாடு. அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முழுப் பலனை எதிர்பார்க்க முடியாது. நம்மிடம் வரும் பிள்ளைகள் அந்த இரண்டு வயதுக் கோட்டை எப்போதோ தாண்டியவர்கள் என்பதால், நமக்குத் துணை இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

பாய்க்கு அடியில் சப்பாத்தி

பிள்ளை செய்வதெல்லாம் பெரும்பாலும் முன்பு அதன் உயிரைக் காப்பாற்றிய காரியங்கள். அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாத வீட்டில் உணவை ஒளித்து வைப்பது அறிவு. இந்த வீட்டில் மூன்று வேளையும் சோறுண்டு என்பது நமக்குத் தெரியும். பிள்ளையின் வயிற்றுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. திட்டினால் ஒளிக்கும் இடம் மாறும், அவ்வளவுதான். மூடி போட்ட ஒரு டப்பாவில் பிஸ்கட்டும் கடலைமிட்டாயும் போட்டு, "இது உன்னோடது, தீரத் தீரப் போட்டு வைப்பேன்" என்று சொல்லி, சொன்னபடி நிரப்பிக்கொண்டே இருந்தால் ஒளித்து வைக்கும் தேவை மெல்ல மெல்லக் குறையும். எத்தனை வாரம், எத்தனை மாதம் என்று கேட்கக் கூடாது. அந்தக் கணக்கு பிள்ளையிடம் இருக்கிறது.

பொய்யும் அப்படித்தான். உண்மை சொன்னால் அடி விழுந்த இடத்திலிருந்து வந்த பிள்ளைக்குப் பொய் ஒரு கவசம். கீழே விழுந்து முட்டி பெயர்ந்தாலும் அழாத பிள்ளையை வீரன் என்று தட்டிக்கொடுக்கிறோம். அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்ட பிள்ளையாக அது இருக்கலாம். முன்பின் தெரியாதவர் மடியிலும் ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்துப் பெரியவர்களுக்கு மனம் நெகிழ்கிறது. மருத்துவர்கள் அதை எச்சரிக்கையாகப் பார்க்கிறார்கள், யாருமே தனக்கென்று இல்லாத குழந்தைக்கு எல்லோரும் ஒன்றுதான் என்பதால். குளிக்க அழைத்தாலே அலறும் பிள்ளைக்குக் குளியலறையில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த மாமாவிடம் அடித்த மது வாடையோ, தீபாவளி வெடியோ, பெற்ற அம்மாவோடு பேசி முடித்த ஒரு போன்காலோ போதும். அன்று இரவு வீடு அல்லோலகல்லோலப்படும்.

இதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது பெரிய உதவி. என்ன நடந்தது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, எதைச் செய்தபோது அடங்கியது என்று மூன்றே விஷயங்கள். மனநல மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டு, "எப்பவும் இப்படித்தான் டாக்டர்" என்ற ஒற்றை வாக்கியத்தைவிட நூறு மடங்கு பேசும்.

அதற்கும் முன்னால் உடம்பைப் பார்த்தாக வேண்டும். ரத்தசோகையும் பூச்சித் தொல்லையும் பிள்ளையைச் சிடுசிடுப்பாக்கும். காதில் சீழ் வடிந்து கேட்கும் திறன் குறைந்த பிள்ளையை, 'கூப்பிட்டால் திரும்பாத திமிர் பிடித்தது' என்று திட்டிக்கொண்டிருப்போம். கண் பார்வை, தூக்கம், வலிப்பு ஆகியவற்றையும், எழுத்துக்கூட்டிப் படிப்பதில் குறைபாடு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். வகுப்பில் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு, சின்னச் சத்தத்துக்கும் துள்ளுகிற பிள்ளைக்குக் கவனக்குறைபாடு என்று பெயர் வைப்பது எளிது. ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருமோ என்று காவல் காக்கிற பிள்ளையாகவும் அது இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பிள்ளையின் பழைய கதை தெரியாமல், பத்து நிமிடத்தில் இதைப் பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது.

உதவி யாருக்குப் போக வேண்டும்?

பிள்ளையை வாரம் ஒரு நாள் கவுன்சலிங் கூட்டிப்போனால் போதும் என்று நினைக்கிறோம். வாரத்தில் ஒரு மணி நேரம் அங்கே. மீதி 167 மணி நேரம் வீட்டிலும் பள்ளியிலும். அந்த 167 மணி நேரத்தில் கூட இருப்பவருக்கு வழி சொல்லாமல், பிள்ளையை மட்டும் சரிசெய்து அனுப்ப முடியாது.

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக உளவியலாளர் மேரி டோசியர் ஒன்றைக் கவனித்தார். வளர்ப்பு வீட்டுக்கு வந்த சின்னக் குழந்தை, தூக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நீ எனக்கு வேண்டாம் என்பதுபோல் இருக்கும். நாளடைவில் வளர்க்கிறவரும் தள்ளிப் போய்விடுகிறார். யார் மீதும் தப்பில்லாமலே இருவருக்கும் நடுவில் சுவர் எழும்பிவிடுகிறது. கேட்காவிட்டாலும் அணைக்க வேண்டிய குழந்தை இது என்று வளர்ப்புத் தாய்க்குக் கற்றுத்தர அவர் உருவாக்கிய பயிற்சி பத்து வாரம் நடக்கும், அதுவும் வீட்டிலேயே. பயிற்சியாளர் பாடம் நடத்துவதில்லை. குழந்தை தடுக்கி விழுந்து, தாய் ஓடிப்போய்த் தூக்கும் அந்த நொடியிலேயே, "இதோ, இதுதான் அதற்கு வேண்டும்" என்று எடுத்துச் சொல்கிறார்.

பெரிய பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பட்ரீசியா சேம்பர்லினும் சகாக்களும் 1980-களிலிருந்து வேறொரு வழியை வளர்த்தெடுத்தார்கள். வளர்ப்புப் பெற்றோருக்குத் தினமும் ஒரு போன். கடந்த 24 மணி நேரத்தில் பிள்ளை எதிர்த்துப் பேசியதா, அடித்ததா, பொய் சொன்னதா, படுக்கையை நனைத்ததா என்று ஒரு பட்டியலைக் கேட்பார்கள். அது உங்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்றும் கேட்பார்கள். இப்படித் திரட்டிய விவரங்களை வைத்து 2006-ல் வந்த ஆய்வு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. நாளொன்றுக்கு ஆறு பிரச்சினைகள் வரை குடும்பங்கள் தாக்குப்பிடித்தன. அதற்கு மேல் கூடும் ஒவ்வொன்றும், பிள்ளை அந்த வீட்டைவிட்டு அனுப்பப்படும் அபாயத்தை ஏற்றியது. வீடு உடையப் போவது முன்கூட்டியே தெரியும், கேட்க ஒருவர் இருந்தால். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு போன், ஒரு பட்டியல், பொறுமையான ஒரு காது.

மாத்திரைகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் ஐந்து மாநிலங்களை ஆராய்ந்து 2011-ல் ஓர் அறிக்கை தந்தது. அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்த மற்றப் பிள்ளைகளைக் காட்டிலும், வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளுக்கு மனநல மருந்துகள் 2.7 முதல் 4.5 மடங்கு வரை அதிகமாக எழுதப்பட்டிருந்தன. அவர்களுக்குப் பிரச்சினைகள் அதிகம் என்பது ஒரு காரணம். உட்கார்ந்து பேச ஆளில்லாத இடத்தில் மருந்துச் சீட்டு சீக்கிரம் எழுதப்படுகிறது என்ற கவலையும் அதில் உண்டு. மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. தூக்கமே இல்லாத, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற பிள்ளைக்கு மருந்து பெரிய நிம்மதி. எதற்காகக் கொடுக்கிறீர்கள், எத்தனை நாளைக்கு, பக்கவிளைவு என்ன, எப்போது குறைப்பீர்கள், மருந்தோடு வேறென்ன செய்யப்போகிறோம் என்ற ஐந்தையும் மருத்துவரிடம் கேட்கும் உரிமை வளர்க்கிறவருக்கு உண்டு.

எங்கே போவது?

முதல் வேலை, ஆணை கையில் வரும் நாளிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுதப்பட வேண்டும் என்பது விதி. அதன் நகலைக் கேளுங்கள். எத்தனை இல்லங்கள் மாறியது, ஏற்கெனவே சிகிச்சை எடுத்ததா, என்ன மருந்து, யாரைக் கண்டால் பயம், பெற்றவர்களோடு தொடர்பு உண்டா என்பதையெல்லாம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையின் கதையைத் தெரியாமல் வளர்க்கச் சொல்வது வளர்ப்பவருக்கும் பிள்ளைக்கும் அநியாயம்.

குழந்தைகள் நலக் குழுவின் ஆணை நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். மருத்துவமனையில் "நீங்க யாரு, கையெழுத்துப் போட பெத்தவங்க எங்க?" என்று கேட்பார்கள். அன்றாடச் சிகிச்சைக்கு ஆணை பெரும்பாலும் போதும். உள்நோயாளியாகச் சேர்ப்பது, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குச் சட்டப்படி யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதைக் குழுவிடம் முன்னாலேயே எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால், நள்ளிரவில் அலைய வேண்டியிருக்காது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பார்ப்பதோடு வட்டார மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். 1996-ல் நாட்டில் நான்கே மாவட்டங்களில் இந்தத் திட்டம் தொடங்கியபோது அவற்றில் ஒன்று நம் திருச்சி. வளர்ச்சியிலும் பேச்சிலும் கற்றலிலும் சந்தேகம் இருந்தால், மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போக வேண்டும். பிறந்தது முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். உளவியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து இருக்க வேண்டிய இடம் அது. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. சிக்கலான நிலைக்கு பெங்களூரு நிம்ஹான்ஸின் குழந்தைகள் மனநலப் பிரிவு. படிப்பில் கூடுதல் கவனம் தேவைப்படும் பிள்ளைக்கு, வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியர்களைத் தலைமை ஆசிரியர் மூலம் கேட்கலாம்.

இரவு பத்து மணிக்குப் பிள்ளை அலறிக்கொண்டிருக்கும்போது இந்த முகவரிகள் எதுவும் உதவாது. அப்போது 14416. மனநல ஆலோசனைக்கான இலவச எண், தமிழில் பேசலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

பாலியல் வன்முறை நடந்ததாகப் பிள்ளை சொன்னால், அதை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று பிள்ளைக்குச் சத்தியம் செய்துவிட்டு மீறுவது அதற்கு இன்னொரு துரோகமாகிவிடும். "உன்னைப் பாதுகாக்கிறவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குழந்தைகள் நலக் குழு, வழக்கு முடியும் வரை பிள்ளைக்குத் துணையாக ஓர் ஆதரவு நபரை நியமிக்க முடியும். கேட்டு வாங்க வேண்டும். பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் பிள்ளையின் முன்கதையைச் சொல்லத் தேவையில்லை. "சத்தம் போட்டால் பயப்படுவான், முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், அடிக்க வேண்டாம்" என்பது வகுப்பாசிரியருக்குப் போதும்.

கணக்கில் வராத வளர்ப்புத் தாய்கள்

குழுவின் ஆணையும் படிவமும் இல்லாமல் நம் ஊரில் காலங்காலமாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அம்மாச்சி, அப்பத்தா, சித்தி, அத்தை. மகள் செத்துப்போனாலோ, மருமகன் வேறு குடும்பம் தேடிக்கொண்டாலோ, பிள்ளைகள் பாட்டி வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகின்றன. கொரோனா இதை ஊர் ஊராகக் காட்டியது. 2021 மே மாதம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதியும், உறவினர் பராமரிப்பில் வளர்பவர்களுக்கு மாதம் 3,000 ரூபாயும் தமிழக அரசு அறிவித்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இவை நல்ல திட்டங்கள். பணம் போகிற அந்த வீட்டுக்கு ஓர் ஆற்றுப்படுத்துநரும் (கவுன்சலரும்) போக வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

ஏனென்றால், அந்த வீட்டில் துக்கப்படுகிறவர்கள் இரண்டு பேர். பிள்ளை அம்மாவை இழந்திருக்கிறது, பாட்டி மகளை இழந்திருக்கிறாள். பாட்டி அழுதால் பிள்ளை பயப்படுமென்று அவள் அழுவதில்லை. அம்மாவைப் பற்றிக் கேட்டால் பாட்டி அழுவாளென்று பிள்ளை கேட்பதில்லை. மாட்டியிருக்கும் படத்துக்கு முன்னால் இருவரும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் பள்ளியில் சண்டையாகவோ, தீராத வயிற்றுவலியாகவோ வெடிக்கிறது. எழுபது வயதுக் கிழவியால் பதினாலு வயதுப் பையனின் கோபத்தைத் தாங்கவும் முடிவதில்லை. "அவங்கப்பன் புத்தி அப்படியே இருக்கு" என்ற ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால், அது அந்தப் பையனுக்கு ஆயுளுக்கும் முத்திரை. எல்லோருமாகச் சேர்ந்து செத்தவளைப் பற்றிப் பேசவைக்கவும், பையனுக்கு விளையாட்டையும் தொழிலையும் கற்றுக்கொடுக்க ஒரு தாய்மாமனை உள்ளே இழுக்கவும், பாட்டிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைக்க வழி செய்யவும் தெரிந்த ஒருவர் அங்கே தேவை.

மாவட்டத்துக்கு ஒருவர்

அந்த ஒருவர் யார்? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர் ஒதுக்கீட்டில் ஆற்றுப்படுத்துநர் ஒருவர், சமூகப் பணியாளர் இருவர், புறத்தொடர்புப் பணியாளர் இருவர். மாவட்டம் முழுமைக்கும். இல்லங்கள், குழந்தைத் திருமணங்கள், போக்சோ வழக்குகள், வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகள் என எல்லாவற்றுக்கும் அவர்களேதான். இவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். இந்த வேலையில் ஆள் மாறினால், தன் கதையை முதலிலிருந்து இன்னொருவரிடம் சொல்ல வேண்டியது பிள்ளைதான். அவர்களைக் குறைசொல்லி எழுதுவது எளிது, நான் எழுதமாட்டேன். ஒருவரால் முடிகிற வேலையில்லை இது.

இளைஞர் நீதிச் சட்டம், வளர்ப்புக் குடும்பங்களைக் குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. நல்ல விதி. அது பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிற ஆய்வாக மட்டும் நின்றுவிட்டால், வளர்க்கிற பெண் ஆபீசர் வரும் நாளில் வீட்டைப் பெருக்கித் துடைத்துவைத்து, பிரச்சினைகளை மறைத்துவிடுவார். "இந்த மாதம் எது கஷ்டமாக இருந்தது? தூங்கினீர்களா? பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா?" என்று, தண்டனைக்குப் பயப்படாமல் பதில் சொல்லக்கூடிய தொனியில் கேட்க வேண்டும். ஆமாம் என்று பதில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். முதல் மூன்று மாதம் வாரம் ஒரு போன், அதுவும் ஒரே குரலிலிருந்து. மூன்று நான்கு வளர்ப்புக் குடும்பங்களை மாதம் ஒருமுறை உட்காரவைத்துப் பேசவிடுவது. மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர், அலகின் ஆற்றுப்படுத்துநரோடு மாதம் ஒரு நாள் அமர்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேசுவது. இரண்டும் அரசுத் துறைகள்தான், பல ஊர்களில் ஒரே வளாகத்திலோ அக்கம்பக்கத்திலோதான் இருக்கின்றன. நிம்ஹான்ஸில் மத்திய அமைச்சகத்தின் ஆதரவோடு இயங்கும் 'சம்வாத்', குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு இதற்கான பயிற்சியை ஏற்கெனவே தருகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருப்பவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்க ஓர் உத்தரவும், இன்னும் இரண்டு மூன்று பணியிடங்களும் வேண்டும்.

இல்லாவிட்டால் நடப்பது இதுதான். ஏழாவது மாதத்தில் ஒருநாள் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் செய்வார். ஜீப் வரும். துணிப்பையோடு பிள்ளை ஏறும். அலுவலகக் கோப்பில் 'குடும்பத்தோடு பொருந்தவில்லை' என்று ஒரு வரி. பிள்ளை தனக்குள் எழுதிக்கொள்ளும் வரி வேறு. அடுத்த வீட்டில் அது ஒட்டுவது இன்னும் கடினமாகும். அதற்கடுத்து அதை ஏற்க வீடு கிடைப்பதும் கடினமாகும்.

இன்னொரு தேதியையும் இப்போதே நினைவில் வைக்க வேண்டும்: பதினெட்டாவது பிறந்தநாள். அன்றோடு வளர்ப்புப் பராமரிப்பு முடிகிறது. குழந்தைகள் மனநலப் பிரிவில் காட்டிக்கொண்டிருந்த பிள்ளை, மறுநாள் பெரியவர்களின் வெளிநோயாளி வரிசைக்கு மாறுகிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு இல்லத்திலிருந்து வெளியேறும் இளைஞர்களுக்குப் பின்தொடர் பராமரிப்பு தர வழி செய்கிறது. வளர்ப்பு வீட்டிலிருந்து 18-ஐ எட்டுகிறவர்களுக்கு என்ன உதவி உண்டென்று அலகில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். பதினேழரை வயதிலேயே தொடங்கிவிட வேண்டிய வேலை இது. இதுவரை தந்த சிகிச்சை, மருந்து, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே பார்க்க வேண்டும் என்ற விவரமெல்லாம் அடங்கிய சுருக்கக் குறிப்பை மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும். அடுத்து எந்த மருத்துவர் பார்ப்பார் என்று கேட்டு, ஒருமுறை கூடவே போய் அறிமுகப்படுத்த வேண்டும். ஆதார், சாதிச் சான்று, மருத்துவக் காப்பீட்டு அட்டை, இந்தச் சுருக்கக் குறிப்பு எல்லாம் ஒரே கோப்பில், பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.